தலைக்குள்ள சுத்தாத பிரமிடு: ஈஜி பேப்பர்லேர்ந்து ஒரு சிடி-ராம் வரைக்கும்

இது எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கேன்.

இன்னைக்கு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கலாம். நான் வேலை பாக்குறது சாஃப்ட்வேர். ஆனா படிச்சது மெக்கானிக்கல். முதல் செமஸ்டர்லயே எனக்கு ஒரு அரியர். எந்த பேப்பர்னு இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். செல்லமா ஈஜி.

படிக்காதவங்களுக்காக அந்த எக்ஸாம் எப்படி இருக்கும்னு சொல்றேன். மேசை அளவுக்கு ஒரு ஷீட். ஓரத்துல மினி டிராஃப்டரை மாட்டிக்கணும். கேள்வித்தாள்ல படமே இருக்காது, நாலு வரிதான் இருக்கும். "ஒரு அறுகோண பிரமிடு. அடிப்பக்கம் 30 மி.மீ., உயரம் 70 மி.மீ. அது தரையில நிக்குது. 45 டிகிரி சாய்ஞ்ச ஒரு தளம், அச்சோட நடுப்புள்ளி வழியா அதை வெட்டுது. வெட்டுமுகத்தோட உண்மையான வடிவத்தை வரைக." அவ்வளவுதான். பிரமிடை நீங்களே தலைக்குள்ள கட்டணும், நீங்களே வெட்டணும், அப்புறம் சுத்திப் போய் நேரா நின்னு பாக்கணும்.

எனக்குத் தலைக்குள்ள ஒண்ணுமே வரலை. வெறும் இருட்டு.

அறுபது பேர் இருந்த கிளாஸ்ல நாங்க நாலே பொண்ணுங்க. அதுல மூணு பேருக்கு ஈஜில அரியர். ரிசல்ட் வந்த அன்னைக்குப் பின் பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் சொன்னான், "பொண்ணுங்களுக்கு த்ரீடி வராதுப்பா, அது பிறவியிலேயே வரணும்"னு. நான் சிரிச்சுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள நம்பிட்டேன். மூணாவது தடவை பாஸ் பண்ணேன், ஸ்டெப்பை எல்லாம் மனப்பாடம் பண்ணித்தான். ஃபைனல் இயர்ல டிசைன் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தப்ப, நான் பேரே குடுக்கலை. நமக்குத்தான் வராதேன்னு விட்டுட்டேன்.

அது நிஜமாவே பிறவியில வர்றதா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. பிரான்ஸ்ல ஒரு கோட்டையில ஆரம்பிச்சு, அமெரிக்காவுல ஒரு சிடி-ராம் வழியா, இன்னைக்கு நம்ம போன் வரைக்கும் வருது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ரகசியமா வெச்ச வடிவியல்

ஈஜியை நமக்குக் கொடுத்தவர் பேரு காஸ்பார் மோன்ஜ். 1746-ல பிரான்ஸ்ல போன்ங்கற ஊர்ல பிறந்தவர், ஒரு சாதாரண வியாபாரியோட பையன். 1760-கள்ல மெஸியேர்ங்கற ஊர்ல இருந்த ராணுவ இன்ஜினியரிங் ஸ்கூல்ல சேர்றார். ஆனா அங்க ஆபீசர் ஆகிறதுக்கு நல்ல குடும்பப் பின்னணி வேணும். அது அவருக்கு இல்லை. அதனால வரைபடமும் மாடலும் செய்யற பட்டறையில உக்கார வெச்சுட்டாங்க.

அங்க அவருக்கு ஒரு வேலை வருது. ஒரு கோட்டையோட சுவர்களை எப்படி அமைச்சா, சுத்தி இருக்கற மேட்டுலேர்ந்து எதிரி உள்ள பாத்துச் சுட முடியாது? அதுவரைக்கும் இதை நீளமா எண்கள்ல கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க. மோன்ஜ் அதை வரைபடத்துலயே முடிச்சுட்டார். அவ்வளவு சீக்கிரம் கொண்டு வந்து கொடுத்ததால, இவ்வளவு வேகத்துல யாராலயும் முடிக்க முடியாதுன்னு மேலதிகாரி முதல்ல அதைப் பாக்கவே மறுத்துட்டாராம். அப்புறம் பாத்தாங்க, புரிஞ்சுது, உடனே அதை ராணுவ ரகசியம் ஆக்கிட்டாங்க. பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம், 1795-ல பாரிஸ்ல அவர் பாடம் நடத்தினப்பதான் அது வெளிய வந்துச்சு.

யோசனை ரொம்ப எளிமை. ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு தளம், ஒண்ணு தரை மாதிரி, ஒண்ணு சுவர் மாதிரி. பொருளோட நிழலை ரெண்டுலயும் விழ வெச்சு, அப்புறம் கதவைத் திறக்கற மாதிரி விரிச்சு ஒரே தாள்ல போட்டுடறது. நம்ம ஈஜி கிளாஸ்ல வர்ற எச்.பி., வி.பி. ரெண்டும் இதுதான்.

சாஃப்ட்வேர் ஆளா இதைப் பாத்தா, இது ஒரு கம்ப்ரஷன் முறை. முப்பரிமாணப் பொருளை ரெண்டு தட்டைப் படமா சுருக்கறது. ஆனா டீகம்ப்ரஷன் எங்க நடக்குது? பாக்கறவங்க தலைக்குள்ள. மோன்ஜ் சுருக்கற விதியை எழுதிக் கொடுத்தார். விரிக்கறதுக்கு யாரும் விதி எழுதலை. வாத்தியார் போர்டுல கோடு போடுவார், சில பேருக்கு உருவம் எழுந்து நிக்கும், சில பேருக்கு அது வெறும் கோடாவே இருக்கும். எழுந்து நிக்கலைன்னா உனக்கு அந்தத் திறமை இல்லைன்னு முடிச்சுடுவாங்க. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் இப்படியேதான் ஓடுச்சு.

மூளை சுத்தற வேகம்

1971. ஸ்டான்ஃபோர்டுல ரோஜர் ஷெப்பர்டும் அவரோட மாணவி ஜாக்குலின் மெட்ஸ்லரும் ஒரு சோதனை பண்றாங்க. சின்னச் சின்னக் கனசதுரங்களை ஒட்டி, அங்கங்க வளைஞ்ச ஒரு உருவம். அந்தப் படங்களை வரைஞ்சதே கம்ப்யூட்டர்தான். ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரே பொருளா இல்ல கண்ணாடிப் பிம்பமான்னு கேட்டாங்க. எட்டு பேர், 1,600 ஜோடிப் படங்கள்.

ரிசல்ட் ஒரு நேர்கோடு. ரெண்டு படத்துக்கும் நடுவுல கோணம் எவ்வளவு அதிகமோ, பதில் சொல்ல அவ்வளவு அதிக நேரம். சுத்தாம இருந்தா ஒரு செகண்ட் மாதிரி, 180 டிகிரி சுத்தியிருந்தா நாலு செகண்டுக்கு மேல. கணக்குப் போட்டா, செகண்டுக்குச் சுமார் 60 டிகிரி வேகத்துல மனசு அதைச் சுத்துது.

இதைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுது. நம்ம மூளை பதிலை ஏதோ டேபிள்ல தேடி எடுக்கலை. ஃப்ரேம் ஃப்ரேமா சுத்திப் பாக்குது. அப்போ இது ஒரு செயல். ஒரு செயலைப் பழக முடியுமான்னு கேக்கறதுல அர்த்தம் இருக்கு.

ஆனா அடுத்து வந்தது பயிற்சி இல்லை, பரீட்சைகள். 70-கள்ல பர்டூ பல்கலைக்கழகத்துல ரோலண்ட் கேங்கறவர் 30 கேள்வியோட ஒரு டெஸ்ட் உருவாக்கினார். 1978-ல வாண்டன்பர்க், க்யூஸ்னு ரெண்டு பேர் ஷெப்பர்டோட படங்களை வெச்சுத் தாள்லயே எழுதற மாதிரி ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க. அதுல ஆண்களோட சராசரி மார்க் பெண்களோட சராசரியைவிட அதிகமா வந்துச்சு, திரும்பத் திரும்ப வந்துச்சு. உடனே ஹார்மோன், மூளை அமைப்புன்னு விளக்கங்கள் வரிசை கட்டிச்சு. எங்க பின் பெஞ்சுக்காரன் சொன்னதோட ஆய்வகப் பதிப்புன்னு வெச்சுக்கங்களேன்.

படம் அசைய ஆரம்பிச்சப்ப

இதே சமயத்துல வேற ஒரு பக்கம் கம்ப்யூட்டர் வடிவியல் கிளாஸுக்குள்ள நுழையுது. 80-கள்ல அமெரிக்காவுல ஸ்வார்த்மோர் கல்லூரியில யூஜின் க்ளாட்ஸ், அவரோட டோரிஸ் ஷாட்ஷ்னைடர், ரெண்டு கணிதப் பேராசிரியர்கள் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. நோக்கம் என்னன்னா, முப்பரிமாண வடிவங்களை வீடியோவா காட்டறது. ஒரு பக்கம் வீடியோக்கள் வந்துட்டே இருந்தப்ப, நிக் ஜாக்கிவ்ங்கற இளம் புரோகிராமர் அதே திட்டத்துக்காக எழுதின மென்பொருள்தான் 1991-ல வந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட். பிரான்ஸ்ல க்ரெனோபிள்ல அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காப்ரின்னு ஒண்ணு வந்திருந்துச்சு.

ரெண்டுலயும் புதுசு என்னன்னா, இழுக்கறது. முக்கோணத்தோட ஒரு முனையை மவுஸால பிடிச்சு இழுத்தா மொத்தப் படமும் கூடவே வரும். நடுக்கோடு நடுக்கோடாவே இருக்கும். வீடியோவுல நீங்க பாக்கறவர். இதுல நீங்க கேள்வி கேக்கறவர். இப்படி இழுத்தா என்ன ஆகும்னு கை கேக்குது, திரை பதில் சொல்லுது. ஆனா வேடிக்கை பாருங்க, முப்பரிமாணத்தைக் காட்டணும்னு ஆரம்பிச்ச திட்டம் பேர் வாங்கினது தட்டை வடிவியல்ல. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெம்பு.

ஹோட்டன் ஊர்ல ஒரு பரீட்சை

இப்ப கதையோட நாயகிக்கு வருவோம். ஷெரில் சோர்பி. மிச்சிகன் மாநிலத்தோட வடக்குக் கோடியில ஹோட்டன்னு ஒரு குளிர் பிரதேச ஊர், அங்க மிச்சிகன் டெக் பல்கலைக்கழகம். சோர்பி அங்கயே இன்ஜினியரிங் படிச்சவங்க. எல்லாப் பாடத்துலயும் அனாயாசமா மார்க் வாங்கினவங்க, முதல் தடவையா திணறினது கிராஃபிக்ஸ்லதான்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பின்னாடி அதே கல்லூரியில அதே பாடத்தை நடத்த வர்றாங்க. தன்னை மாதிரியே திணறற பொண்ணுங்களை வருஷா வருஷம் பாக்கறாங்க.

1993-ல, கணிதப் பேராசிரியர் பெவர்லி பார்ட்மன்ஸோட சேர்ந்து, முதல் வருஷ மாணவர்கள் 535 பேருக்கு அந்த 30 கேள்வி டெஸ்ட்டை வெக்கறாங்க. 60 சதவீதமோ அதுக்குக் கீழயோ வாங்கினவங்க 96 பேர். எழுதினவங்கள்ல பெண்கள் 17 சதவீதம்தான். ஆனா தேறாதவங்கள்ல பெண்கள் 43 சதவீதம்.

இதோட நிறுத்தியிருந்தா அதுவும் இன்னொரு "பொண்ணுங்களுக்கு வராது" கட்டுரை ஆகியிருக்கும். அவங்க கூடவே ஒரு கேள்வித்தாளும் கொடுத்திருந்தாங்க. சின்ன வயசுல என்ன விளையாடினீங்க, முன்னாடி டிராஃப்டிங் படிச்சிருக்கீங்களா, இந்த மாதிரி. மார்க்கோட தொடர்பு இருந்த விஷயங்கள்ல ஆணா பெண்ணாங்கறது ஒண்ணு. கூடவே இன்னும் ரெண்டு: சின்ன வயசுல கட்டி விளையாடற பொம்மைகளோட இருந்தாங்களா, முன்னாடி டிராயிங் மாதிரிப் பாடம் படிச்சிருக்காங்களா.

இதைப் படிச்சதும் நான் எங்க வீட்டை நினைச்சுப் பாத்தேன். அண்ணனோட பிறந்தநாளுக்கு நட்டு போல்ட்டு மாட்டற மெக்கானிக் செட். எனக்குச் சொப்புச் சாமான். அப்பா எந்தக் கெட்ட எண்ணத்தோடயும் வாங்கலை. கடைக்காரர் அந்தந்த அலமாரியைக் காட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனா பத்து வயசுக்குள்ள அண்ணன் கை எத்தனை ஆயிரம் தடவை ஒரு துண்டைத் திருப்பிப் பாத்திருக்கும்!

சோர்பியும் பார்ட்மன்ஸும் தேறாதவங்களுக்குன்னு ஒரு தனி கோர்ஸ் போட்டாங்க. கனசதுரக் கட்டைகளைக் கையில அடுக்கறது, புள்ளித்தாள்ல ஐசோமெட்ரிக் வரையறது, அட்டையை மடிச்சுப் பெட்டி ஆக்கறது, கம்ப்யூட்டர் லேப். பத்து வாரம். அந்த டெஸ்ட்ல அவங்களோட சராசரி 52 சதவீதத்துலேர்ந்து 82 ஆச்சு.

பத்து வாரத்துல மாறினது பிறவியா?

அந்த கோர்ஸை எடுத்த பெண்கள், அதே மாதிரி தேறாம இருந்தும் கோர்ஸை எடுக்காத பெண்களைவிட அதிக விகிதத்துல இன்ஜினியரிங்ல தொடர்ந்தாங்க. ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அப்போ அது விருப்பப் பாடம். தானா வந்து சேர்ந்தவங்களுக்கு ஏற்கெனவே ஊக்கம் அதிகமா இருந்திருக்கலாம். அதனால கோர்ஸ் மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வராதுன்னு அடிச்சுச் சொன்னவங்க வாயை அடைக்க அந்த 82 போதும்.

மவுஸும் பென்சிலும்

அடுத்த சிக்கல், இதை மத்த கல்லூரிகளுக்கு எப்படிக் கொண்டு போறது? அதுக்காக உருவானதுதான் ஒரு மல்டிமீடியா மென்பொருள். சோர்பி, ஆன் வைசாக்கி, பார்ட்மன்ஸ் மூணு பேரும் சேர்ந்து 2003-ல ஒரு பயிற்சிப் புத்தகமும் சிடி-ராமுமா வெளியிட்டாங்க. இன்னைக்குக் கண்ணுக்கு அது பழசுதான். ஆனா அது என்ன செய்யுதுன்னு பாருங்க. திரையில ஒரு பொருள், சுத்தறதுக்கு ஒரு அச்சு. வலது கைக் கட்டைவிரலை அச்சு மேல வெச்சா, மத்த விரல் மடங்கற பக்கம் சுத்தற திசை. ஒரு அச்சுல சுத்தறது, அப்புறம் ரெண்டு அச்சுல. விரிச்ச தட்டை வடிவம் மடிஞ்சு எழறது. ஒரு தளம் திண்மத்தை வெட்டிட்டுப் போறது. மோன்ஜ் நம்ம தலைக்கு விட்ட டீகம்ப்ரஷனை, மெதுவா, படிப்படியா, கண்ணு முன்னாடி நடத்திக் காட்டறது.

இந்த இடத்துல ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு என்ன தோணும்? சூப்பர், இனி புத்தகம் எதுக்கு, மென்பொருளே போதும். அவங்க அதையும் சோதிச்சுப் பாத்தாங்க. மென்பொருளை மட்டும் வெச்சுப் படிச்சவங்களைவிட, புத்தகத்துல கையால வரைஞ்சு பழகினவங்களுக்குத்தான் பலன் அதிகமா கிடைச்சுது. ரெண்டும் சேர்ந்தா நல்லது. ஆனா பென்சிலை எடுத்துட்டா பாதி போச்சு.

ஏன்? என் புரிதலைச் சொல்றேன். நான் மவுஸை அசைச்சா பிரமிடு சுத்துது. சுத்தற வேலையை கிராஃபிக்ஸ் கார்டு செய்யுது. ஷெப்பர்ட் அளந்த அந்த 60 டிகிரி வேலையை என் மூளை செய்யவே இல்லை, அது சும்மா வேடிக்கை பாக்குது. வரையறப்ப அப்படித் தப்பிக்க முடியாது. அடுத்த கோடு எங்க போகணும்னு நானே முடிவு பண்ணணும். தப்பாப் போட்டா தாள்ல தப்பு நிக்கும்.

கைக்கும் இந்தக் கற்பனைக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கு. 1998-ல ஆண்ட்ரியாஸ் வோல்ஷ்லேகர், ஆஸ்ட்ரிட் வோல்ஷ்லேகர்னு ரெண்டு பேர் காட்டினது இது. மனசுல ஒரு பொருளைச் சுத்தும்போது, கையும் அதே திசையில ஒரு குமிழைத் திருகினா மனசுக்கு லேசா இருக்கு. எதிர்த்திசையில திருகினா மனசு தடுமாறுது. உள்ள சுத்தறதும் வெளிய சுத்தறதும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி, ஒருத்தர் வீட்டுச் சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்கும்.

அதுக்கப்புறம் ஆதாரம் குவிஞ்சுது. 2007-ல டொராண்டோவுல ஒரு குழு, ஆக்ஷன் வீடியோ கேமை 10 மணி நேரம் ஆட வெச்சே, ஆண் பெண் இடைவெளியைக் கணிசமா குறைச்சுக் காட்டிச்சு. 2013-ல 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்த ஒரு பெரிய அலசல், இந்தத் திறன் பயிற்சியால வளருது, கொஞ்ச நாள் கழிச்சும் நிக்குதுன்னு சொல்லிச்சு. இதால கணக்கு மார்க்கும் தானா ஏறுமாங்கறதுல மட்டும் ஆய்வுகள் ஒரே குரல்ல பேசலை. அதனால இந்த ஆப் வாங்குங்க, பிள்ளை ஐஐடி போகும்னு யாராவது வந்தா கதவைச் சாத்திடுங்க.

சோப்பு

எனக்கு முதன்முதலா வெட்டுமுகம் புரிஞ்ச நாள் ஞாபகம் இருக்கு. மூணாவது அட்டெம்ப்ட்டுக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டல்ல சீனியர் அக்கா ஒருத்தங்க, துணி துவைக்கற சோப்பை பிளேடால செதுக்கி ஒரு அறுகோண பிரமிடு பண்ணாங்க. "பாரு, இப்ப சாய்வா வெட்டறேன்"னு ஒரே இழுப்பு. மேல் துண்டை எடுத்துட்டு மிச்சத்தை என் கையில கொடுத்தாங்க. ஒரு நிமிஷம் எல்லாம் தெளிவா இருந்துச்சு. ஆனா விடிஞ்சா எக்ஸாம், இன்னொரு சோப்பு செதுக்க நேரமில்லை. திரும்ப மனப்பாடத்துக்கே போயிட்டேன்.

இந்த எபிசோடுக்காக அதே கேள்வியைப் போன வாரம் மறுபடி போட்டுப் பாத்தேன். இப்ப ஜியோஜீப்ரா இருக்கு. ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க்ல மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தன்னோட மேற்படிப்புக்காக 2001-ல ஆரம்பிச்ச மென்பொருள். 2014-லேர்ந்து முப்பரிமாணமும் உண்டு, மாணவர்களுக்கு இலவசம், போன்லயே ஓடும். ஆனா நான் உடனே திறக்கலை. முதல்ல பதிலைத் தாள்ல யூகிச்சு வரைஞ்சேன். அழகான, சமச்சீரான ஒரு அறுகோணம்.

அப்புறம் திரையில வெட்டிப் பாத்தா, அறுகோணம்தான், ஆனா மேல ஏறற பக்கம் ஒடுங்கி, கீழ இறங்கற பக்கம் அகண்டு இருந்துச்சு. பின்ன, பிரமிடு மேல போகப் போகக் குறுகுமில்லையா! பத்து வருஷமா நான் மனப்பாடமா போட்ட அந்தப் படம் ஏன் கோணலா இருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது வடிவத்துக்கும் யூகம் தப்பு. மூணாவது பாதி சரி. தினம் ராத்திரி பத்து நிமிஷம், யூகிச்சு வரைஞ்சுட்டு அப்புறம்தான் சுத்திப் பாக்கறேன். நேத்து ஒரு சாய்வா வெட்டின உருளை, திரையைத் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள திரும்பி நின்னுச்சு.

அந்த டிசைன் கம்பெனிக்கு நான் பேர் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. ஒருவேளை ரிஜெக்ட் ஆகியிருப்பேன். அதுல எனக்கு வருத்தம் இல்லை. நான் கேள்வியே கேக்காம ஒரு கதவைச் சாத்தினேன், அதுதான் உறுத்துது. ஈஜி ஹால்ல இன்னைக்கும் ஒரு பொண்ணோ பையனோ வெறும் ஷீட்டைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட யாராவது சொல்லணும்: உனக்கு வராதது இல்லை, இன்னும் யாரும் உன் கையில சோப்பைக் கொடுக்கலை.

உங்களுக்கு அப்படி யாராவது ஒரு அக்கா, அண்ணன், வாத்தியார் இருந்திருந்தா, அவங்க எதைச் செதுக்கிக் காட்டினாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கறேன். அதுவரைக்கும், மினி டிராஃப்டரைப் பரண்லேர்ந்து இறக்கித் தூசி தட்டப் போறேன்.